ஐம்பத்தோராம் சுற்று

வார நாள்களில் எனக்கு ரப்பர் வளையம்.
மணிக்கு நாலாயிரம் துப்பும் இயந்திரம்;
பிசிறு வெட்டி, எண்ணி, பையில் போடுவேன்.
ஜூனில் ஒரு ஞாயிறு மட்டும்
கொடி.

ஸ்மோலாந்தின் இந்தச் சதுப்பில்
வேறெதுவும் விளையாது என்று தார் ஊற்றினார்கள்.
நேர்பாதை முடிந்து
வண்டிகள் மூச்சைப் பிடித்துத் திரும்புகிற இடம் என்னுடையது.
பைன் மரம், கொசு, மணல்மூட்டை ஆறு,
தீயணைப்பான் இரண்டு, தங்கை புருஷன் ஹில்டிங்.
இங்கிருந்து முடிவுக்கோடு தெரியாது.
யார் ஜெயித்தார்கள் என்பதைப் பதினோரு வருஷமாக
மறுநாள் பேப்பரில்தான் படிக்கிறேன்.

அவன் மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தான்.
உருகுவேக்காரன், எலாடியோ பர்ரியோஸ்,
வெளுத்த நீல வண்டி, எண் இருபத்தேழு.
ஐம்பது சுற்றும் ஒரே இடத்தில் பிரேக்,
ஒரே இடத்தில் கியர் இறக்கம்;
அவன் சத்தத்தை நம்பிக் கண்ணை மூடிக் காபி ஊற்றலாம்.
ஐம்பத்தொன்றில் அந்தச் சத்தம்
ஒரு சொல்லை விழுங்கியது.

முதலில் புகைகூட இல்லை.
பிறகு நீலமாய், மெல்லிசாய்,
மீன் வறுக்கிற வீட்டுக் கூரையில் எழுவது போல.
தார் மேல் எண்ணெய்க் கோடு.
மஞ்சளில் சிவப்புப் பட்டை போட்ட கொடியை எடுத்தேன்:
வழுக்கும், பார்த்து வா.
அவன் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல்
புல்லுக்குக் கொண்டுவந்து நிறுத்தினான்,
பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்துகிறவன் போல
அவ்வளவு மெதுவாக.
உடனே இறங்கவில்லை.
ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி
அதனிடம் என்னவோ விசாரித்துக்கொண்டிருந்தான்.

போட்டி முடியும்வரை பாதையைக் கடக்கக் கூடாது. விதி.
இருபத்தொன்பது சுற்றுக்கு அவன் என் விருந்தாளி.
அவன் பாஷை எனக்குத் தெரியாது.
என் பாஷையில் அவனுக்கு ‘நன்றி’ மட்டும் தெரியும்,
அதையும் கேள்வி மாதிரி சொன்னான்.
பிளாஸ்க் மூடியில் காபி கொடுத்தேன், பட்டை மணக்கும் பன் கொடுத்தேன்.
பன்னைக் கையிலேயே வைத்திருந்தான்.

அழுவான் என்று ஹில்டிங் ஐந்து குரோனர் கட்டினான்.
ஹெல்மெட்டை உதைப்பான் என்று நான்.
இரண்டு பேரும் தோற்றோம்.

அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.
நேர்பாதையின் கோடியில்
வண்டி ஒரு ஈயின் ரீங்காரமாக இருக்கும்போதே
அவன் கழுத்து இடப்பக்கம் சாயத் தொடங்கும்.
வலது பாதம் புல்லை அமுக்கும்,
விடும், அமுக்கும்.
விரல்கள் இல்லாத கியரைப் பிடித்து இழுக்கும்.
முதலாமவன் போவான். இரண்டாமவன் போவான்.
நாலாமவன் வருவதற்குள்
பதினோரு வினாடி வெறும் பாதை.
அதற்கும் சாய்ந்தான்.
அதற்குத்தான் அதிகம் சாய்ந்தான்.

சுற்றுக்குச் சுற்று அந்த இடம் குறுகியது.
ஒன்பது வினாடி. ஆறு. மூன்று.
எழுபத்திரண்டில் நாலாமவன்
இரண்டாமவனின் வாலைப் பிடித்தபடி வந்தான்.
கழுத்து நிமிர்ந்தே இருந்தது.
பன்னைத் தின்றான், முழுவதும்,
விரலில் ஒட்டிய சர்க்கரையையும் நக்கினான்.

எங்கோ கூட்டம் கத்தியது. முடிந்திருக்க வேண்டும்.
லாரியில் வந்த மெக்கானிக்
மூடியைத் திறந்து, கையை விட்டுத் துழாவி,
உள்ளங்கையை அவனிடம் நீட்டினான்.
நகத்தளவு ரப்பர் வளையம்,
ஓரிடத்தில் பிளந்து.

நானும் எட்டிப் பார்த்தேன்.
எங்களுடையது இல்லை. அளவு வேறு,
கறுப்பும் கொஞ்சம் வேறு.
ஹில்டிங்கும் இல்லை என்றான், நான் கேட்காமலே.
எலாடியோ அதைச் சுண்டுவிரலில் மாட்டிப் பார்த்தான்,
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
லாரியில் ஏறினான். இந்த முறை
‘நன்றி’ கேள்வியாக இல்லை.

திங்கள்கிழமைப் பேப்பரில் கடைசிப் பத்தி:
பர்ரியோஸ், 51 சுற்று, எண்ணெய்.

அன்று ஒவ்வொரு வளையத்தையும்
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
“என்ன, கல்யாண மோதிரமா?” என்றான் மேஸ்திரி.
மணிக்கு நாலாயிரம் கணக்கு.
மூவாயிரத்து அறுநூறைத் தாண்டவில்லை.